விமானத்துக்குள் இருக்கும் ஐந்து பேர்

என் மச்சினன் கத்தாரிலிருந்து வந்திறங்கிய அன்று, நடுவீட்டில் பெட்டியைத் திறந்து வைத்து ஆளாளுக்குச் சாமான்களை எடுத்துக் கொடுத்தான். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். சோப்பு, சென்ட், பாதாம் பருப்பு, அப்போது கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கு ஒரு போர்வை என்று எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் துண்டு சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அவன் எடுக்கவில்லை. "அது என்னடா?" என்று அக்காகாரி கேட்டாள். "அது ஒண்ணுமில்லக்கா, என்னோடது" என்று மூடியைச் சாய்த்தான். ஒண்ணுமில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் அதைப் பார்க்காமல் யாருக்கும் சோறு இறங்காது. துண்டை அவிழ்க்க வைத்தோம். ஓரமெல்லாம் பழுப்பேறிய பழைய பெட்டி. மேலே ஒரு படம்: மேகத்துக்கு நடுவே இரண்டு இஞ்சின் வைத்த போர் விமானம், கீழே எங்கேயோ ஒரு ஊர் தீப்பற்றி எரிகிறது. திறந்தால், முருங்கை ஈர்க்கில் இலை இருப்பதுபோல, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் பொன்னமராவதியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. வேனில் வருகிற பிள்ளைகள் கதை கேட்பார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வதால் எந்தக் கதையும் முடியாது; அதற்குள் ஒவ்வொருவர் வீடாக வந்துவிடும். இந்த ஒன்றை மட்டுமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

உலகப் போரில் குண்டு போட்ட விமானம் ஒன்றின் மாடல் அது. அச்சு அசலாகச் சிறிதாக்கி, துண்டு துண்டாகக் கொடுத்திருப்பார்கள். நாமே வெட்டி, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். மச்சினன் வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார சூப்பர்வைசர் இருந்தாராம். வாலிபத்தில் வாங்கி, ஒட்டாமலே பல தேசம் தூக்கித் திரிந்துவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அவன் சொன்னது இவ்வளவுதான். நாங்களும் நம்பினோம். எங்களுக்கு வந்த சந்தேகம் வேறு. ஒரு பொம்மை விமானத்தை ஒட்ட எத்தனை நாள் ஆகிவிடும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. கம்பெனியை மூடிவிட்டதாகச் சொல்லி வந்தவன், இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் பார்க்கச் சேர்ந்துகொண்டு எங்கள் மாடி அறையில் தங்கினான். சாயங்காலம் கடை விட்டு வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஃபேன் ஓடும் சத்தமும் கேட்காது. கேட்டால், "காத்து அடிச்சா தூசி வந்து ஒட்டிக்கிரும் மச்சான்" என்பான். சாப்பிட இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும். கதவு இடுக்கு வழியாகத் தின்னர் வாடை படியிறங்கி வரும். அந்தச் சமயம் ஊரில், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோந்து கெட்டுப்போகிற பசங்களைப் பற்றிப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே மனசு போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடியிலிருந்து வரும் குப்பைக்கூடையைக் கொட்டுவதற்கு முன் கிளறிப் பார்ப்பது என் வழக்கமானது. நம்பர் போட்ட பிளாஸ்டிக் துணுக்குகளும், வர்ணம் துடைத்த பஞ்சும், பல் குத்தும் குச்சிகளும்தான் கிடக்கும். சொல்யூஷன் டியூப் எதுவும் கிடைக்காதது ஆறுதலாக இல்லை. நன்றாக மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவிக்கு வேறு கவலை. ஃபேன்சி ஸ்டோர் அக்கா ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டது. "ஒன் தம்பி அடிக்கடி நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கிட்டுப் போகுதே. பாலிஷ் எடுத்துத் தரவான்னா வேணாங்குது. வீட்ல யாருக்கும்மா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறது. இவள் வீடு வந்து சேர்ந்ததும் என்னிடம் வெடித்தாள். "ஏங்க, பாலிஷ் வாங்கிக் குடுத்தாலாச்சும் ஒரு கணக்கு. எவளோ வச்சிக்கிட்டத அழிக்கிறதுக்கு இவன் யாருங்க?" நான் மச்சினனிடம் நேராகவே கேட்டேன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. "பெட்டியில இருந்த பசை கல்லாப் போச்சு மச்சான். இந்தச் சட்டத்துல மிச்சப்பட்ட துண்டுகள ரிமூவர்ல ஊறப் போட்டா கரைஞ்சு கொழகொழன்னு ஆகும். அதே பிளாஸ்டிக்கு, அதே பிளாஸ்டிக்க நல்லா பிடிக்கும்." பதில் அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்தவன்தான் இப்படித் தடுமாறாமல் பேசுவான்.

பிறகு சன்னல் விவகாரம். எதிர்வீட்டுக்காரர் சம்சாரம் வாசலில் என்னை நிறுத்தி, "அண்ணே, ஒங்க மாடி சன்னல்ல கண்ணு கண்ணா என்னமோ ஒட்டியிருக்கே, எங்க வீட்டப் பாத்தாப்புல?" என்றது. அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு தாள். அதில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று வட்டத்துக்குள் வட்டம். விமான இறக்கையில் ஒட்டுகிற குறிகளாம். பல வருசம் பெட்டிக்குள் கிடந்து மஞ்சள் பூத்துவிட்டதால் வெயிலில் காட்டினால் வெளுக்கும் என்று ஒட்டி வைத்திருந்தான். இதை நான் அந்த அம்மாளிடம் விளக்கிச் சொல்லச் சொல்ல, அது "சரிண்ணே, சரிண்ணே" என்று பின்னாலேயே நகர்ந்து வீட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் அவர்கள் வீட்டு முன்னால் மூஞ்சி வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று புதிதாகத் தொங்கியது. அதன் முழித்த கண் இரண்டும் எங்கள் மாடி சன்னலையே பார்த்தன.

இந்த நிலையில்தான் மச்சினனுக்குப் பெண் தகைந்து வந்தது. ஆவுடையார்கோவில் பக்கம், பெண் தனியார் பள்ளியில் டீச்சர். பெண்ணின் தகப்பனார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரிப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் இவர் ஆயுசு முழுக்க விசாரித்தே சம்பளம் வாங்கியவர். டீக்கடை, ஹார்டுவேர் கடை, சலூன் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். எல்லோரும் பையன் தங்கம் என்று சொல்லி, கடைசியில் ஒரு "ஆனா" சேர்த்திருக்கிறார்கள். ஆனா, ரூமைப் பூட்டிக்கிட்டே கெடக்கும். ஆனா, என்ன பண்ணுதுன்னு தெரியாது.

மச்சினனுக்கு இதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோவை வாங்கிப் பார்த்தவன், திருப்பித் தர மறந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை என் மனைவி பார்த்துவிட்டாள். "இதுவும் கலைஞ்சிருச்சுன்னா அவன் தாங்க மாட்டாங்க" என்றாள்.

ஆயுத பூசை அன்று செக்கர், "இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்று வாசலில் வந்து நின்றார். பூசைக்குக் கட்டுமாவடியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். நான் வேனைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருக்க, உள்ளே அவர் தையல் மிஷின், ஸ்பானர், அரிவாள்மனை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டிருந்தார். மாடியைக் கூட்டப் போனவர் கண்ணில் அந்த விமானமும் பட்டிருக்கிறது. பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக மச்சினன் டேப் ஒட்டி நிறுத்தி வைத்திருந்தான். மகன் இத்தனை நாள் பாடுபடுகிற சாமான் என்று அதையும் தூக்கிவந்து நடுவில் வைத்து, மூக்கில் ஒரு பொட்டு, விசிறிகளில் ஒவ்வொரு பொட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

செக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு விமானத்தையே பார்த்தார். பூசையில் வைத்திருப்பது ஒரு மனிதனுக்குச் சோறு போடும் தொழில் சாமானாகத்தான் இருக்க வேண்டும். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "மாப்பிள்ளைக்கு ஏரோப்ளேன் வேலையா? கத்தார்ல அதுதான் பாத்தாகளா? தரகர் சொல்லவே இல்லையே!"

மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். தலை ஆமாம் என்று ஆடுவதற்குத் தயாராக இருந்தது தெரிந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். காப்பி வந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

"இல்லைங்க" என்றான் மச்சினன். "அங்கிட்டும் ஸ்டோர் வேலைதான், இங்கிட்டும் ஸ்டோர் வேலைதான். இது சும்மா, நான் ஆசைக்கு ஒட்டுறது. அம்மா தெரியாமப் பூசையில வச்சிட்டாக."

"ஆசைக்கா?"

"ஆமாங்க."

"விக்கிறதுக்கு?"

"இல்லைங்க."

செக்கர் காப்பியைக் குடித்தார். போர்வெல் வற்றிய கதை, மழை இல்லாத கதை என்று எதையோ பேசினார். புறப்படும்போது வேன் பக்கம் என்னை ஒதுக்கி அழைத்துப் போனார். "தம்பி, ஒங்கள நல்ல மனுசனாப் பாக்குறேன். குடிப்பாரா, சொல்லுங்க. சீட்டாடுவாரா, சொல்லுங்க. அதெல்லாம் கல்யாணம் ஆனா மாறும்னு நானும் பொறுத்துக்குவேன். ஆனா ஒரு முழு ஆம்பள மாசக்கணக்குல கதவச் சாத்திக்கிட்டு, பிரயோசனமில்லாத ஒண்ண செஞ்சேன்னு சொன்னா, அதுக்குப் பின்னாடி வேற ஒண்ணு இருக்கும்ல?" நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் அதே கேள்விக்குத்தான் நானும் குப்பைக்கூடையில் பதில் தேடிக்கொண்டிருந்தேன். என் தலையாட்டலில் வலுவில்லாததை அவர் கவனித்திருப்பார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில் வாசலில் மறுபடியும் செக்கர். வேட்டி ஓரமெல்லாம் புழுதி. "முந்துன ஸ்டாப்புலயே எறங்கி நடந்துட்டேன். ஸ்டாண்டுல எறங்குனா வாரது தெரிஞ்சிரும்ல. பழக்கம்" என்றார். "மாப்பிள்ளை மேலதான? கூப்பிடாதீங்க. நாமளே போவோம்."

படியேறினோம். அந்தக் கதவை நான் திறந்து பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. அவன் உள்ளே எப்படி இருப்பான் என்பது எனக்கே தெரியாது. நான் பயந்த கோலத்தில் அவன் கிடந்தால், அதை நானும் செக்கரும் ஒரே நேரத்தில்தான் பார்க்கப் போகிறோம். கதவடியில் நின்று அவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன வாடை இது?" என்றார் மெல்ல. தட்டுவதற்காக நான் கையை ஓங்க, "தட்டாதீங்க" என்று பிடித்துக்கொண்டார். பிறகு தானே கதவைத் தள்ளினார்.

மச்சினன் கைலி மட்டும் கட்டி, சன்னலடியில் மேசைக்கு முன் குனிந்திருந்தான். கண்ணில் வாட்ச் கடைக்காரர் வைக்கும் லென்ஸ். உடம்பெல்லாம் வேர்வை. கையில் இரண்டு மூன்று மயிர் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிய பிரஷ். தலையைத் தூக்காமலே, "யாரா இருந்தாலும் ஒரு நிமிசம். கதவச் சாத்துங்க, காத்து வருது" என்றான். பல வருசம் ஓடுகிற பஸ்ஸை நிறுத்திய மனிதர், சொன்னபடி திரும்பிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றோம். பிரஷ் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு விலகியது. அப்புறம்தான் அவன் நிமிர்ந்தான். வந்திருப்பது யாரென்று கண்டதும் பதறிச் சட்டையைத் தேடினான்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று செக்கர் மேசையிடம் போனார். விமானத்தின் உடம்பு வேர்க்கடலைத் தொலிபோல நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பாதிக்குள் பார்த்தோம். குட்டிக் குட்டியாய்ச் சீட்டுகள். சீட்டுகளில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் ஒன்றுக்குச் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூட உயரம். தலையில் தொப்பி, கையில் உறை, தோளிலிருந்து இறங்கும் வார், வாரில் ஒரு பக்கிள். ஒருவன் மடியில் விரித்த வரைபடத்தில் ஆறுபோல நீலக்கோடுகூட ஓடியது. முகங்கள் மட்டும் நம் ஊர்க் கருப்பு. தோல் நிறம் கலக்கும்போது தன் முழங்கையைப் பார்த்துக் கலந்தானாம்.

"நம்ம பக்கத்து ஆளுக மாதிரில்ல இருக்கானுக" என்றார் செக்கர். லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவனாய்ப் பார்த்தார். "குண்டு போடுற ப்ளேனுன்னு சொன்னாக. குண்டு எங்க?"

"பெட்டியிலயே கெடக்குங்க. வயித்துக் கதவ மூடியே ஒட்டிரலாம்னு விட்டுட்டேன். குண்டு சுளுவு, பெருசு பெருசா இருக்கும். ஆளுகதான் கஷ்டம்."

"இந்த ஆளுக வெளிய தெரிவாகளா?"

"தெரிய மாட்டாகங்க. இந்தப் பாதிய மேல வச்சு ஒட்டிட்டா மூடிக்கிரும். கண்ணாடி சின்னது, அதுவும் பழசு, மங்கலாத்தான் இருக்கும்."

"பெறகு எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டு?"

மச்சினன் யோசித்தான். ரிமூவர் பற்றி எனக்குச் சொன்னதுபோலச் சுத்தமான பதில் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். "தெரியலைங்க" என்றான். "வெறுஞ்சீட்டா மூட மனசு வரல."

செக்கர் லென்ஸை மேசையில் வைத்தார். பிறகு, "எங்க, மூடுங்க பாப்போம்" என்றார். பெண் கொடுக்க வந்தவர் கட்டளை. மச்சினன் விளிம்பெல்லாம் பசை தடவி, இரண்டு பாதியையும் சேர்த்து, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிப் பிடித்தான். செக்கர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, விமானத்தின் மூக்கிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். செல்போன் டார்ச்சை அடித்தும் பார்த்தார். "ஒண்ணும் தெரியல" என்றார். குரலில் குறையா திருப்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். அவர் சம்மதம் என்றோ வேண்டாம் என்றோ வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்து, படியில் ஒரு கால் வைத்த பிறகு திரும்பினார். அதே பழைய சந்தேகப் பார்வை. "தம்பி, சீட்டு ஆறு இருந்துச்சு. ஆளு அஞ்சு பேர்தான். கடைசிச் சீட்டு காலி. ஏன்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டுப் போன் பண்ணுங்க." பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மச்சினன் அசந்துபோனான். "நெசமாவே எண்ணுனாரா மச்சான்? பெட்டி கைக்கு வரும்போதே அஞ்சு பேருதான் இருந்தாக. ஒரு ஆள எங்கயோ தொலைச்சிருக்காரு அந்த வெள்ளைக்காரரு. வேற எதாச்சும் பொம்மைய உக்கார வச்சிருக்கலாம், பொருந்தாது. அதான் காலியா விட்டுட்டேன்." நான் போன் போட்டு அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். "அப்பச் சரி" என்றார் செக்கர். கொஞ்சம் பொறுத்து, "பொண்ணுகிட்டக் கேட்டுட்டு நாள் பாக்கச் சொல்றேன்" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது மச்சினனும் அவன் மனைவியும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் இறக்கை முறிந்துவிடும் என்று விமானத்தை எங்கள் வீட்டு ஷோகேஸில் விட்டுப் போனான். இலைப்பச்சையும் மண் நிறமும் கலந்த வர்ணத்தோடு, வெயிலில் வெளுத்தெடுத்த வட்டங்களை இறக்கையில் தாங்கி நிற்கிறது. வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவியின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எதிர்வீட்டுப் பூசணிக்காயை மாத்திரம் அவர்கள் இன்னும் மாற்றி மாற்றிக் கட்டுகிறார்கள்.

போன வாரம் மழையில் கரண்ட் போய்விட்டது. என் மகன், ஐந்தாவது படிக்கிறவன், பொழுது போகாமல் ஷோகேஸைத் திறந்தான். "பாத்துடா, உள்ள ஆளுக இருக்காக" என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தான். "ஒண்ணுமே இல்லையேப்பா."

"இருக்காகடா. அஞ்சு பேரு. ஒருத்தன் மடியில மேப்பு இருக்கு. அதுல ஆறு ஓடுது."

"நீங்க பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால பாத்தேன்."

காதோரம் வைத்து ஆட்டினான். சத்தம் வரவில்லை. "நல்லா ஒட்டியிருக்கான் ஒங்க மாமா. அதான்" என்றேன். என் பதில் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. உடைத்துக் காட்டினால் ஒழிய நிரூபிக்க வழியில்லை. உடைக்க நான் விடமாட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டான். "அப்பா சொல்றது நெசமாம்மா?"

"யாரு கண்டா?" என்றாள் அவள். "அன்னைக்கி இவுகளும் செக்கரும்தான் உள்ள போனாக. போயிக் கதவச் சாத்திக்கிட்டாக."